ஆறாம் நம்பர் பெட்டின் காற்று

வேண்டாம் அக்கா, ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள். எனக்கு இந்த ஓரச் சீட்டுதான் வசதி. எல்லாரும் காற்றுக்காக ஜன்னலுக்குச் சண்டை போடுவார்கள், நான் மட்டும் நடைபாதைக்குச் சண்டை போடுகிறேன். காரணம் இருக்கிறது.

ஐயோ, பால்கோவாவா? வேண்டாமே அக்கா. இல்லை, பிடிக்காமல் இல்லை. சரி, கொஞ்சமாக. இவ்வளவா? சரி. கொடுங்கள்.

பார்த்தீர்களா, இதுதான் நான். சங்கரன்கோவிலில் பஸ் ஏறும்போது ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அம்மா தட்டில் வைத்த இட்லியைத் தொடவில்லை. மதுரை போய்ச் சேரும்வரை வாயைத் திறப்பதில்லை என்று சபதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறிய நீங்கள் இலையை நீட்டிய மறு நிமிடம் சபதம் காலி. வேண்டாம் என்று இரண்டாவது தடவை சொல்ல எனக்கு வராது. முதல் தடவையே கஷ்டப்பட்டுத்தான் சொல்வேன்.

கண்டக்டர் என்ன சொன்னார், கவனித்தீர்களா? கிருஷ்ணன்கோவில் தாண்டினால் அப்புறம் கல்லுப்பட்டிதான், நடுவில் எங்கும் நிற்காது என்றார் இல்லையா? கல்லுப்பட்டிக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? முக்கால் மணியா?

ஒன்றுமில்லை. சும்மா கேட்டேன்.

இல்லை, சொல்லிவிடுகிறேன். நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. எனக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் ஆகிறது. இன்றைக்கு மதுரையில் டாக்டரிடம் காட்ட வேண்டும். பெருங்குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஒரு அடி. சரியாகச் சொன்னால் பன்னிரண்டு அங்குலம், பள்ளிக்கூட ஸ்கேல் நீளம். அன்றிலிருந்து எதையாவது சாப்பிட்டால், சாப்பிட்ட இருபதாவது நிமிடம், மிஞ்சிப்போனால் அரை மணிக்குள், நான் எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. உங்கள் பால்கோவாவைக் குறை சொல்லவில்லை அக்கா. பால்கோவா பாவம், அது இப்போதுதான் உள்ளே போயிருக்கிறது. வரப்போவது முந்தாநாள் சாப்பிட்டது. எல்லாரும் சாப்பிட்டது அப்படியே வருகிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரைப்பைக்குள் ஏதாவது விழுந்ததும் பெருங்குடலுக்குத் தகவல் போய்விடும்: மேலே புதுச் சரக்கு வந்திருக்கிறது, கீழே இடத்தைக் காலி பண்ணு. எல்லாருக்கும் அப்படித்தான். உங்களுக்கும்தான். ஆனால் உங்களுக்குக் கடைசியில் ஒரு வளைவு இருக்கிறது. வந்ததை அங்கே உட்கார வைத்து, வேளை வரும்போது அனுப்பிக்கொள்ளலாம். எனக்கு வெட்டி எடுத்தது அந்த வளைவைத்தான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் எம்.எஸ்ஸி. விலங்கியல், அக்கா. பத்தாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். சீரண மண்டலம் படம் என்னை மாதிரி வரைய எங்கள் ஊரில் ஆள் கிடையாது. கல்லூரியில் என் ரெக்கார்டு நோட்டைத்தான் மற்றவர்கள் வாங்கிப் பார்த்து வரைவார்கள். சிறுகுடலுக்கு ரோஸ் கலர் பென்சில், பெருங்குடலுக்குக் காவிக் கலர். சிறுகுடலைச் சுற்றிப் போட்டோவுக்குச் சட்டம் போட்ட மாதிரி பெருங்குடலை வரைந்து, கடைசி வளைவில் ஆங்கில எஸ் எழுத்து மாதிரி ஒரு சுழி சுழித்து, அம்புக்குறி போட்டு, பெயர் எழுதுவேன். பத்துக்குப் பத்து மார்க். அந்தச் சுழி என் வயிற்றுக்குள்ளும் இருக்கிறது என்ற எண்ணம் மட்டும் ஒரு நாளும் வந்ததில்லை. அது நோட்டில் இருந்தது. என் வயிற்றில் இருந்தது வெறும் 'கேஸ்', வாயுத் தொல்லை.

அந்த 'கேஸ்' எட்டு வருஷமாக இருந்தது. ஏன் என்றால், அதையும் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர்களுக்கான பாத்ரூம், ஆசிரியர் அறையை ஒட்டினாற்போல் இருக்கிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போகிறவர் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியே ஏழெட்டு ஆண் ஆசிரியர்கள் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பார்கள். நான் காலை எட்டே முக்காலுக்குப் போனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வரும்வரை போக மாட்டேன். கல்லூரியிலும் அப்படித்தான். அதற்கு முன்பும் அப்படித்தான். என்னைக் கேட்டால் அடக்கத்தில் நான் தங்க மெடல் வாங்கியிருக்க வேண்டும்.

பெரிய டாக்டர் ஆபரேஷன் முடிந்து கேட்டார்: "ரொம்ப வருஷமா அடக்கி அடக்கி வெச்சிருந்தீங்களோ? கொடல் நீண்டு தொங்கிப் போயிருந்துச்சு. அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். நீண்டது முறுக்கிக்கிச்சு."

முறுக்கிக்கொண்ட அன்று நான் அரையாண்டுத் தேர்வு சூப்பர்விஷனில் நின்றேன். வயிறு பானை மாதிரி உப்பிக்கொண்டே வந்தது. வேறு ஆள் அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கடைசி மணி அடித்து, பேப்பரை எல்லாம் வாங்கி, நம்பர் வரிசையாக அடுக்கி, கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் விழுந்தேன். பேப்பர் ஒன்றுகூட வரிசை மாறவில்லை என்று தலைமையாசிரியை ரமணிபாய் மேடம் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

கிருஷ்ணன்கோவில் வந்துவிட்டதா? ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். நான் இறங்கவில்லை. இன்னும் ஒன்றுமில்லை. பார்க்கலாம்.

ஆபரேஷனுக்கு அப்புறம் கதை அக்கா, அதுதான் கேவலம். குடலைத் தொட்டு வெட்டித் தைத்தார்கள் என்றால் அது பயந்து தூங்கிப் போய்விடும். தொட்டாற்சிணுங்கி இலையைத் தொட்டால் மடங்கிக்கொள்ளுமே, அந்த மாதிரி. நான்கு பேர் கை பட்டதும் சுருண்டு படுத்துக்கொள்கிற சுபாவம். என்னிடம் இருபத்தேழு வருஷம் இருந்த குடல் வேறு எப்படி இருக்கும்? அது முழித்துக்கொள்ளும்வரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கையில் குளுக்கோஸ், மூக்கில் டியூப். முழித்துவிட்டது என்பதற்கு ஒரே அடையாளம், காற்றுப் பிரிய வேண்டும். தினமும் காலை பத்து மணிக்குப் பெரிய டாக்டர் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். ஒவ்வொரு பெட்டிலும் நின்று வார்டுக்கே கேட்கிற மாதிரி கேட்பார்: "காத்துப் பிரிஞ்சுதா?"

எனக்கு ஆறாம் நம்பர் பெட். ஏழில் மரியபுஷ்பம் என்று ஓர் அக்கா. திருமங்கலத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். குடலிறக்கம் சிக்கிக்கொண்டு அவருக்கும் அதே நாளில் ஆபரேஷன். அவருக்கும் மூக்கில் டியூப், அவருக்கும் அதே கேள்வி. எங்கள் இரண்டு பெட்டுக்கும் நடுவில் பாய் விரித்து எங்கள் அம்மா படுத்திருப்பாள்.

மூன்றாம் நாள், விடிகிற நேரம். வந்தது. எனக்குத்தான் வந்தது. சின்னதாக இல்லை அக்கா. மூன்று நாள் தூங்கி எழுந்த ஒன்று சோம்பல் முறித்தால் எப்படி இருக்கும்? அப்படி.

அம்மா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "யாருக்கு?" என்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குகிறவள் மாதிரி மூச்சுகூட விட்டேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பினாள். என் மகள் அப்படியெல்லாம் விடுகிற பெண் இல்லை என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. "மரியபுஷ்பம், ஒங்களுக்குப் போயிருச்சு போலிருக்கே! அந்தச் சங்கரலிங்க சாமிதான் கண்ணத் தொறந்திருக்கு!" என்றாள்.

 மரியபுஷ்பம் அக்கா யோசிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. மூன்று நாள் பட்டினி கிடக்கிற மனுஷி, வாழ்க்கை முழுக்க ஊருக்கு இட்லி அவித்துப் போட்டவர்.

"ஆமாக்கா," என்றார் மெதுவாக. "போயிருச்சு."

அம்மா ஓடிப்போய் நர்ஸிடம் சொல்லிவிட்டாள். நர்ஸ் ஏழாம் நம்பர் பெட்டின் குறிப்புச் சீட்டில் எழுதிவிட்டார். என் காற்று இன்னொருவர் பெயரில் ஏறிவிட்டது.

பத்து மணிக்கு டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக. ஆனால் அன்றைக்குச் சனிக்கிழமை. ஒன்பதே முக்காலுக்கு எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆறு பேர் வந்து இறங்கிவிட்டார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ், ரமணிபாய் மேடம், கூடவே கணக்கு வாத்தியார் சுடலைமணி. சுடலைமணி சாரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆசிரியர் கிடையாது. முக்கால்வாசி அவர் வைத்ததுதான். வைத்தார் என்றால் ரிட்டயர் ஆகிறவரை ஒட்டிக்கொள்ளும். எனக்கு மட்டும் எட்டு மாதமாக ஒன்றும் வைக்காமல் விட்டு வைத்திருந்தார். அவர் என் கால்மாட்டில் நிற்கிறார். டாக்டர் வந்துவிட்டார்.

"டீச்சர், காத்துப் பிரிஞ்சுதா?"

ஆறு பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நான் "இல்ல சார்" என்றேன்.

டாக்டர் என் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். நெற்றியைச் சுருக்கினார். "சத்தம் நல்லாத்தானே கேக்குது," என்றார். இன்னும் ஒரு நாள் பட்டினி. ஏழாம் நம்பருக்கு மூக்கு டியூபை எடுத்துவிட்டு, முதலில் தண்ணீர், அப்புறம் டீ, சாயங்காலம் இரண்டு இட்லி.

அந்த இட்லி வாசனை எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. மரியபுஷ்பம் அக்கா ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்தார். "இது என்ன இட்லியா, செங்கல்லா? உளுந்த கண்ணுல காட்டல," என்றார். சொல்லிக்கொண்டே இரண்டையும் சாப்பிட்டார்.

இருட்டுவதற்குள் அவர் வயிறு உப்பிவிட்டது. வாந்தி. தூங்குகிற குடலுக்கு இட்லியைக் கொடுத்தால் அது என்ன செய்யும், வந்த வழியே திருப்பி அனுப்பியது. மறுபடி மூக்கில் டியூப். கண்ணில் தண்ணீர் ஓட அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார் அக்கா.  வெறுமனே பார்த்தார். உடனே நான் சொல்லியிருக்க வேண்டும். 'காலையில் சொல்லிக்கொள்ளலாம்' என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

பஸ் மெதுவாகப் போகிற மாதிரி இல்லை? இல்லையா. எனக்குத்தான் அப்படி இருக்கிறது போல.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, யாரும் வர மாட்டார்கள் என்று தைரியமாக இருந்தேன். சரியாக டாக்டர் வருகிற நேரத்துக்குச் சுடலைமணி சார் வருகிறார்! தனியாக. மெடிக்கல் லீவ் ஃபாரத்தில் என் கையெழுத்து வேண்டுமாம். ஒரு கையெழுத்துக்காகச் சங்கரன்கோவிலிலிருந்து மூன்று மணி நேரம் பஸ்ஸில் வருவாரா ஒரு மனுஷர்? தபாலில் அனுப்பியிருக்கலாம். கணக்கு வாத்தியார்களுக்கு எல்லாம் அன்றன்றைக்கே முடிய வேண்டும்.

டாக்டர் இரண்டு பெட்டுக்கும் நடுவில் நின்று இரண்டு சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "காத்துப் பிரிஞ்சவங்களுக்கு வயிறு உப்பிக் கெடக்கு. பிரியாதவங்களுக்கு வயிறு பஞ்சு மாதிரி இருக்கு. என்ன கணக்கு இது?" என்றார். அப்புறம் என்னிடம், "டீச்சர், இன்னைக்காவது?"

சார் ஃபாரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார்.

"இல்ல சார்."

"அப்ப ஸ்கேன் எடுப்போம். தச்ச எடத்துல ஏதாவது அடைப்பு இருந்தா, மறுபடி தெறந்துதான் பாக்கணும்."

அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். மறுபடி திறப்பதா! நாக்கு நுனிவரை வந்துவிட்டது அக்கா. வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். வயிற்றை இரண்டாம் தடவை கிழித்தாலும் பரவாயில்லை, இதைச் சொல்ல முடியாது என்று ஒரு படித்த பெண் நினைக்கிறாள் பாருங்கள்.

அப்போது ஏழாம் பெட்டிலிருந்து, மூக்கில் டியூபோடு, அடைத்த குரலில் மரியபுஷ்பம் அக்கா சொன்னார்: "டாக்டரய்யா, அது என்னுது இல்ல. இந்த டீச்சரம்மாவோடது. பசி தாங்காம நான் என்னுதுன்னுட்டேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். 

"டீச்சர், நெசமாவா?" என்றார் டாக்டர்.

தலையை ஆட்டினேன்.

"எப்ப?"

"நேத்து காலையில... அஞ்சு முப்பத்தஞ்சு."

"ஒரு தடவையா?"

"அதுக்கப்புறமும் சேத்து... ஏழு தடவை சார்."

எண்ணி வைத்திருந்தேன் அக்கா! சொல்லத்தான் வாய் இல்லை, கணக்கு மட்டும் கச்சிதம். டாக்டர் கூட வந்த பயிற்சி டாக்டர் பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா என்னைப் பார்த்து, "ஏட்டி, நீயா!" என்றாள். ஏதோ நான் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டு வந்து நிற்கிற மாதிரி. சுடலைமணி சார் அந்த ஃபாரத்தையே படித்துக்கொண்டிருந்தார். அதில் படிக்க நாலு வரிகூட இல்லை.

மத்தியானம் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். தண்ணீருக்கு ருசி உண்டு, தெரியுமா? மரியபுஷ்பம் அக்காவுக்கு இரண்டு நாள் கழித்து நிஜமாகவே வந்தது. வந்ததும் அவர் கையைத் தூக்கி, "இது என்னுது! எழுதிக்கோங்க சிஸ்டர்!" என்று கத்தினார். எல்லாரும் கைதட்டினோம். இப்போதும் வாரம் ஒரு தடவை போன் செய்வார். நான் செய்ததை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. "டீச்சரம்மா, வாயத் தொறந்து கேக்கப் பழகுங்க" என்று மட்டும் சொல்வார்.

பள்ளிக்கூடம் திரும்பிப் போகும்போது எனக்கு ஒரே பயம். என்ன பட்டப்பெயர் காத்திருக்கிறதோ என்று. ஒன்றுமில்லை! யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சுடலைமணி சாருக்கு மறதி அதிகம் போல. பாத்ரூம் கதவில் புதுத் தாழ்ப்பாள் போட்டிருந்தது. நிர்வாகத்துக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது. சார் மேசையில் ஸ்குரூ முடுக்குகிற திருப்புளி ஒன்று கிடந்தது, அவர் நாற்காலியைச் சரிசெய்திருப்பார். டைம் டேபிள் போடுவதும் அவர்தான். இந்தத் தடவை மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட் எனக்கு வாரம் முழுக்கக் காலியாக விழுந்திருக்கிறது. அதிர்ஷ்டம்தான், வேறென்ன? இன்றைக்குக் காலையில் போன் செய்து, "ஓரச் சீட்டு கெடைச்சுதா டீச்சர்?" என்று கேட்கிறார். அவருக்கு எதற்கு இந்த விவரமெல்லாம்? சிலருக்கு எல்லாவற்றிலும் ஒரு புள்ளிவிவரம் வேண்டும்.

ஏன் அக்கா சிரிக்கிறீர்கள்?

மணி என்ன? இருபத்தைந்து நிமிடமா ஆகிவிட்டது?

அக்கா. ஒரு உதவி. நீங்கள் கண்டக்டரிடம் சொல்கிறீர்களா? வண்டியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். உங்களுக்கு என்று சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம். நீங்கள் பெரியவர், கேட்டால் தப்பாக...

ஐயோ.

இல்லை, இல்லை. வேண்டாம். நீங்கள் உட்காருங்கள். மறுபடியும் அதையேதான் செய்யப் பார்க்கிறேன், பார்த்தீர்களா? இன்னொருவர் பெயரில் எழுதிவிடப் பார்க்கிறேன். கொஞ்சம் இந்தப் பையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

"அண்ணே! கண்டக்டர் அண்ணே! வண்டிய நிறுத்துங்க!"

திரும்பிப் பார்க்கிறார். எல்லாரும் பார்க்கிறார்கள். எதற்கு என்று கேட்கிறாரே அக்கா, அவ்வளவு தூரத்திலிருந்து கேட்கிறாரே...

"பாத்ரூம் போகணும்ண்ணே! கல்லுப்பட்டி வரைக்கும் தாங்காது! எனக்குக் கொடல் ஆபரேஷன் ஆயிருக்கு!"

விசில் அடித்துவிட்டார். பெட்ரோல் பங்க்கில் நிறுத்துகிறாராம். அவ்வளவுதான் அக்கா, சொல்லியாகிவிட்டது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஆனால் இது என்ன, இவர்கள் எல்லாரும் எதற்கு எழுந்திருக்கிறார்கள்? அந்த வேட்டிக்காரர், கைக்குழந்தைக்காரி, காலேஜ் பெண்கள் மூன்று பேர், பின் சீட்டுப் பெரியவர்... இவ்வளவு பேருமா? ராஜபாளையத்திலிருந்து இவ்வளவு பேருமா அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்? ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லையே! கத்தியது நான், வரிசையில் முன்னால் நிற்பது இவர்களா?

"அண்ணே, தள்ளுங்க. அம்மா, கொஞ்சம் வழி விடுங்க. நீங்க எல்லாரும் இன்னும் பத்து நிமிஷம் தாங்குவீங்க. எனக்குப் பன்னிரண்டு அங்குலம் கம்மி!"